விரல் படாமல் ஒரு படம்

தில்லி லக்ஷ்மிபாய் நகரின் அரசுக் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்பதைக் கார்த்திகை தீபத்தன்று தெருவில் நடந்தாலே தெரிந்துகொள்ளலாம். தீபாவளி முடிந்து, அக்கம்பக்கத்தார் சீரியல் விளக்குகளைக் கழற்றி எடுத்து வைத்த பிறகு, சில பால்கனிச் சுவர்களில் மட்டும் அகல்கள் வரிசையாக எரியும். அப்படி ஒரு வரிசையைப் படம் எடுத்து, எங்கள் பிளாக்கின் கோடி வீட்டுப் பெண் கொண்டுவந்து காட்டினாள். இங்கேயே இருக்கும் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு படிப்பவள். அப்பாவின் கேமரா, நல்ல ட்ரைபாட், ஒரு விநாடி எக்ஸ்போஷர்.

"மாமா, ஃபோகஸ் சரியாத்தான் வச்சேன். ட்ரைபாட்லதான் நிக்குது. அப்பவும் அவுட்டா இருக்கு" என்றாள்.

படத்தைத் திரையில் பெரிதாக்கினோம். ஒவ்வொரு சுடரின் கீழும் மெல்லிய கொக்கி ஒன்று இருந்தது. முதல் அகலில் இடப்பக்கம் இறங்கி மேலே வளைந்த கொக்கி. இரண்டாவதிலும் அதே கொக்கி. கடைசி அகல் வரையில் அதேதான். எதிர்த் தெருவின் மின்கம்ப விளக்கிலும் அதே வளைவு.

படம் ஏன் தெளியவில்லை என்பதைப் படத்திலிருந்தே படிக்க முடியும். ஃபோகஸ் பிசகியிருந்தால் ஒவ்வொரு ஒளிப்புள்ளியும் சிறு வட்டமாகப் பரவும். காற்றில் சுடர் அசைந்திருந்தால் ஒவ்வொரு அகலும் தன் போக்கில் அசைந்திருக்கும். மின்கம்ப விளக்கு அசையாமல் இருந்திருக்கும். அருகே இருக்கும் சுடரும் தூரத்துத் தெருவிளக்கும் ஒரே வடிவத்தில் இழுபட்டிருந்தால், ஆடியது கேமராதான். இன்னொன்றையும் அந்தக் கொக்கி சொன்னது. சுடரின் நடுப்பகுதி பளிச்சென்று ஒரே இடத்தில் பதிந்திருந்தது. வால் மட்டும் மங்கலாக இருந்தது. ஆக, ஒரு விநாடியில் பெரும்பகுதி கேமரா அசையாமல்தான் நின்றிருக்கிறது. தொடக்கத்தில், ஷட்டர் திறந்த அந்தச் சிறுபொழுதில் மட்டும் ஆடியிருக்கிறது. அதாவது, பட்டனை அழுத்திய விரலின் தடம் அது.

படத்தைக் கெடுக்க எவ்வளவு ஆட்டம் போதும் என்று ஒரு முறையாவது கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு பட்டனை அலட்சியமாக அழுத்த மனம் வராது. 24 மெகாபிக்சல் முழுச்சட்டக் கேமராவின் சென்சார் 36 மில்லிமீட்டர் அகலம். அதில் 6000 பிக்சல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு பிக்சலின் அகலம் 6 மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஆறு பங்கு. 50 மி.மீ. லென்ஸ் போட்ட கேமரா 25 வில்விநாடி கோணம் திரும்பினால் பிம்பம் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். ஒரு டிகிரியில் 3600 வில்விநாடிகள். ஆக, டிகிரியின் 145 பங்கில் ஒரு பங்கு. 200 மி.மீ. லென்ஸில் இதே நகர்வுக்கு 6 வில்விநாடி போதும்.

இப்போது விரலை எடுத்துக்கொள்வோம். கேமராவின் பட்டன் ட்ரைபாட் திருகுக்கு நேர் மேலே இருப்பதில்லை. வலது ஓரத்தில், சற்று முன்தள்ளி இருக்கிறது. அதை அழுத்தும்போது கேமரா வலப்பக்கம் சரிகிறது, முன்னாலும் கொஞ்சம் குனிகிறது. ட்ரைபாட்டின் தலைப்பகுதி உலோகமே என்றாலும் அதற்கும் நெகிழ்வு உண்டு. முன்குனிவு டிகிரியில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். 10 செ.மீ. நீள லென்ஸ் ஒன்றின் முனை இதில் எவ்வளவு இறங்கும்? ஒரு தாளின் தடிமன் அளவுக்குக்கூட இல்லை. கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. ஆனால் 50 மி.மீ. லென்ஸில் பிம்பம் 7 பிக்சல் நகர்ந்திருக்கும், 200 மி.மீ. லென்ஸில் 29 பிக்சல். அகலின் கொக்கி இப்படித்தான் வந்தது.

கையில் பிடித்து எடுக்கும்போது நிலைமை இன்னும் மோசம். நலமாக இருக்கும் மனிதரின் கையும் சும்மா இருப்பதில்லை. விநாடிக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கிறது. உடலியலாளர்கள் அளந்து வைத்திருக்கும் இயல்பான நடுக்கம் இது. மூச்சும் இதயத் துடிப்பும் சேர்ந்து தங்கள் பங்குக்கு அசைக்கின்றன. விநாடிக்குப் பத்து என்றால் ஒரு நடுக்கத்துக்குப் பத்தில் ஒரு விநாடி. 1/500 விநாடியில் ஷட்டர் மூடிவிட்டால் அந்த அலையின் ஐம்பதில் ஒரு பங்கைத்தான் கேமரா பார்க்கிறது. 1/15 விநாடி திறந்திருந்தால் அலையில் பாதிக்கு மேல் படத்தில் பதிந்துவிடுகிறது. லென்ஸின் குவியத் தூரம் எத்தனை மி.மீ.யோ அதைக் கீழே போட்டு, மேலே ஒன்று போட்டால் கிடைக்கும் வேகத்துக்குக் கீழே இறங்காதே என்று ஸ்டூடியோக்காரர்கள் சொல்லித்தந்த விதி இதிலிருந்து வந்ததுதான்: 50 மி.மீ.க்கு 1/50, 200 மி.மீ.க்கு 1/200. 35 மி.மீ. ஃபிலிம் காலத்துக்கும், அஞ்சலட்டை அளவுப் பிரிண்ட்டுக்கும் அது போதுமாக இருந்தது. இன்றைய சென்சாரை முழு அளவில் விரித்துப் பார்ப்பவருக்கு அந்த விதி இரண்டு மடங்கு கறாராக வேண்டும்.

கேமராவை விரலால் தொடாமல் ஷட்டரை இயக்க உதவும் கேபிள் ரிலீஸ் இந்த இடத்தில்தான் வருகிறது. பழைய இயந்திரக் கேபிள் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். சாந்தினி சௌக்கில் கூச்சா சௌதரி கேமரா சந்தையில் பழைய சாமான் கடைகளைக் கிளறினால் இன்றும் கிடைக்கும். நாற்பது, ஐம்பது செ.மீ. நீளம். வெளியே துணி நெய்த உறை. உறைக்குள் நெருக்கமாகச் சுற்றிய கம்பிச் சுருள். சுருளுக்குள் முறுக்கிய மெல்லிய எஃகுக் கம்பி. ஒரு முனையில் கட்டைவிரலுக்கான குமிழ், அதன் கீழே ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிடித்துக்கொள்ள ஒரு விளிம்பு. குமிழை அழுத்தினால் மறுமுனையில் ஊசி போன்ற ஒரு முள் வெளியே நீளும். விட்டால் ஸ்பிரிங் உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த முனையைச் சுற்றிக் கூம்பு வடிவத்தில் மரை. பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 போன்ற கேமராக்களின் ஷட்டர் பட்டனின் நடுவில் ஒரு குழி இருக்கும்; மரை அதில் உட்காரும். குமிழுக்குப் பக்கத்தில் சிறு திருகு ஒன்று. அதை இறுக்கினால் முள் நீண்டபடியே நிற்கும். ஷட்டரை எத்தனை நிமிடம் வேண்டுமானாலும் திறந்து வைத்திருக்கலாம்.

விரலைக் கேமராவிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்ததால்தான் ஆட்டம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். விஷயம் அதைவிட அழகானது.

நேரடியாக விரலால் அழுத்தும்போது கேமராவின் மேல் சில நூறு கிராம் எடையை வைத்தது போன்ற விசை கீழ்நோக்கிச் செல்கிறது. அதை எதிர்த்து நிற்க ட்ரைபாட்தான் இருக்கிறது. அது கொஞ்சம் நெகிழ்ந்துதான் எதிர்க்கும். கேபிளில் நடப்பது வேறு. கட்டைவிரல் குமிழைத் தள்ளும்போது மற்ற இரண்டு விரல்களும் விளிம்பை அதே அளவு விசையோடு எதிர்த்திசையில் இழுக்கின்றன. தள்ளுவிசை உள்கம்பி வழியே போகிறது. இழுவிசை வெளிச்சுருள் வழியே போகிறது. மறுமுனையில் முள் பட்டனைக் கீழே அழுத்துகிறது. அதே நொடியில் குழியின் மரையைப் பற்றியிருக்கும் உறை மேலே இழுக்கிறது. இரண்டும் சமம், எதிரெதிர், இரண்டுமே கேமராவின் மேல், ஒரே இடத்தில். கூட்டினால் பூஜ்யம். பட்டன் இறங்குகிறது; ட்ரைபாட்டுக்குச் சேதி போவதில்லை. நியூட்டனின் மூன்றாம் விதியைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். அதை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்திய கருவி வேறொன்று உடனே நினைவுக்கு வரவில்லை.

சைக்கிள் பிரேக் கம்பியும் இதே குடும்பம்தான். எர்னஸ்ட் மானிங்டன் போடன் 1896-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. அங்கே உள்கம்பி இழுக்கிறது, உறை அமுங்குகிறது. இங்கே உள்கம்பி தள்ளுகிறது, உறை இழுபடுகிறது. ஹாண்டில்பாரை எப்படித் திருப்பினாலும் பிரேக் வேலை செய்வதற்கும், கேபிள் வளைந்து தொங்கினாலும் ஷட்டர் விழுவதற்கும் காரணம் ஒன்றே.

காரணம் புரிந்துவிட்டால் பயன்படுத்தும் முறையும் தானே விளங்கும். கேபிளை விறைப்பாக இழுத்துப் பிடித்தால் கையின் நடுக்கம் உறை வழியாக நேரே கேமராவுக்குப் போகும். கேபிள் வாங்கியும் படம் ஷேக் ஆகிறது என்று அலுத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் செய்யும் தவறு இதுதான். ஒரு வளையம் விழும் அளவுக்குத் தொய்வாக விட வேண்டும். அழுத்தும்போது கேபிள் சற்று நெளியும். அந்த நெளிவைத் தொய்வு வாங்கிக்கொள்ளும். காற்று வீசும் மாடியில் தொங்கும் கேபிள் ட்ரைபாட் காலில் போய் இடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேபிள் இல்லாதபோதும் இதே பாடம் கைகொடுக்கும். ஆள்காட்டி விரலைப் பட்டனில் வைத்து, கட்டைவிரலைக் கேமராவின் அடியில் பட்டனுக்கு நேர் கீழே கொடுத்து, இரண்டையும் மெல்ல நெருக்குங்கள். கீழே தள்ளும் விசைக்கும் மேலே தள்ளும் விசைக்கும் கேமராவுக்குள்ளேயே கணக்கு முடிந்துவிடும். பட்டனைக் குத்துபவர்களுக்கும் நெருக்குபவர்களுக்கும் படத்தில் தெரியும் வித்தியாசம் பெரிது. கையிலேயே இருக்கும் இந்த வசதியைப் பயிற்சி வகுப்புகளில் ஏன் முதல் நாளே சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் ஆதங்கம்.

புகைப்படக் கலையின் முதல் தலைமுறைக்கு இந்தத் தொல்லை கிடையாது. 1858-இல் கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் மதராஸ் ராஜதானியின் அரசுப் புகைப்படக்காரராக மதுரை, தஞ்சாவூர் என்று பெரிய கேமராவைச் சுமந்து திரிந்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து ஒட்டி, 19 அடிக்கும் மேல் நீளும் ஒரே படமாக்கினார். அவர் பயன்படுத்திய மெழுகு பூசிய தாள் நெகட்டிவுக்கு ஒளி பதிய வெகுநேரம் ஆகும். ஷட்டர் என்று ஒன்று தேவைப்படவில்லை. லென்ஸின் மூடியைக் கழற்றி, காத்திருந்து, மறுபடி மூடினால் போதும். மூடியைக் கழற்றும்போது கேமரா ஆடினாலும், அந்த ஆட்டம் மொத்த நேரத்தில் மிகச் சிறிய பங்கு. பதிவாகும் முன்பே அடங்கிவிடும். கல்வெட்டின் ஒவ்வொரு எழுத்தும் படிக்கும்படி நின்றது.

1871-இல் ரிச்சர்ட் லீச் மாடக்ஸ் ஜெலட்டின் உலர் தகட்டை முன்வைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் தகடுகள் வேகமடைந்து, எக்ஸ்போஷர் விநாடியின் பின்னங்களுக்கு இறங்கியது. மூடியைக் கையால் கழற்றும் வேகம் போதவில்லை. இயந்திர ஷட்டர்கள் வந்தன. ஷட்டரைத் தட்டும் கை கேமராவை ஆட்டியது. அதற்கு வந்த முதல் விடை காற்று: நீண்ட ரப்பர் குழாயின் முனையில் ஒரு ரப்பர் பந்து. பந்தை அமுக்கினால் குழாய் வழியே காற்றழுத்தம் போய் ஷட்டரைத் திறக்கும்; அமுக்கியிருக்கும் வரை திறந்தே இருக்கும். காற்று அழுத்தத்தைக் கடத்தும், கையின் நடுக்கத்தைக் கடத்தாது. 'அசையாதீங்க' என்று சொல்லிப் பந்தைப் பிடித்தபடி நின்ற ஸ்டூடியோக்காரர்களைத் தாத்தா, பாட்டி காலத்துக் கல்யாணப் படங்களை எடுத்தவர்களாக நாம் அறிவோம். இன்றைய டிஜிட்டல் கேமராவிலும் 'பி' என்ற ஓர் அமைப்பு இருக்கிறது. அழுத்தியிருக்கும் வரை ஷட்டர் திறந்திருக்கும். அது அந்த ரப்பர் பந்தின் வாரிசு. ரப்பர் நாளடைவில் வெடித்துக் காற்று கசியும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகுக் கேபிள் மெல்ல அதன் இடத்தைப் பிடித்தது.

கேபிள் விரலை விலக்கிவிட்டது. அடுத்த எதிரி கேமராவுக்குள்ளேயே இருந்தது. எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே ஒரு கண்ணாடி சாய்வாக நிற்கிறது. படம் எடுக்கும் நொடியில் அது மேலே பாய்ந்து அடிக்கிறது. கேட்கும் 'கிளிக்' ஓசையில் பாதி அதனுடையது. அந்த அடியில் கேமரா அதிர்ந்து, விநாடியின் சிறு பங்குக்குள் அடங்குகிறது. 1/500-இல் எடுத்தால் அதிர்வு பதியவே நேரமில்லை. எட்டு விநாடி திறந்திருந்தால் மொத்த ஒளியில் அதன் பங்கு மிகச் சிறிது. கெடுதல் நடுவில்தான்: ஏறத்தாழ 1/30 முதல் ஒரு விநாடி வரை. அதனால்தான் நல்ல கேமராக்களில் கண்ணாடியை முன்கூட்டியே மேலே தூக்கி நிறுத்தும் வசதி வைத்தார்கள். கேபிளின் முதல் அழுத்தத்தில் கண்ணாடி ஏறும். இரண்டு விநாடி பொறுத்து, இரண்டாம் அழுத்தத்தில் ஷட்டர் திறக்கும். இன்றைய மிரர்லெஸ் கேமராவில் கண்ணாடியே இல்லை. ஷட்டரின் முதல் திரையையும் மின்னணு முறையில் திறக்கலாம் என்பதால் இந்தக் கவலை பெரிதும் தீர்ந்தது.

கேமராவில் டைமர் இருக்கும்போது கேபிள் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. அசையாத பொருளுக்கு இரண்டு விநாடி டைமர் போதும். டெலி லென்ஸ் என்றால் பத்து விநாடி. அழுத்திய அதிர்வு அதற்குள் அடங்கிவிடும். நம் அகல் வரிசைக்கு டைமரே போதும் என்றுதான் அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். ஆனால் டைமர் காலத்தைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. காற்று நின்று சுடர்கள் நிமிரும் நொடி, மேகம் விலகும் நொடி, ராக்கெட் வாணம் விரியும் நொடி டைமருக்குக் காத்திருக்காது. கேமராவைத் தொடாமலும், நினைத்த நொடியிலும் எடுக்க வேண்டுமென்றால் கேபிள் வேண்டும். நிமிடக்கணக்கில் 'பி'யில் திறந்து வைக்கவும் அதுவே வேண்டும்.

இன்று பெரும்பாலான கேமராக்களில் மரைக்குழி இல்லை. லைக்காவின் எம் வரிசையிலும் ஃபியூஜிஃபிலிமின் சிலவற்றிலும் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மற்றவற்றில் மின்கம்பி. பிரித்துப் பார்த்தால் உள்ளே அதிசயம் ஒன்றுமில்லை. கேனானின் பல கேமராக்களில் இருப்பது 2.5 மி.மீ. ஸ்டீரியோ ஜாக்தான். மூன்று தொடுபுள்ளிகள்: ஒன்று பொது, ஒன்று ஃபோகஸ், ஒன்று ஷட்டர். பொதுவையும் ஃபோகஸையும் சேர்த்தால் பட்டனைப் பாதி அழுத்தியதற்குச் சமம். ஷட்டரையும் சேர்த்தால் முழு அழுத்தம். இரண்டு சுவிட்சும் மூன்று இழைக் கம்பியும் இருந்தால் பள்ளி ஆய்வுக்கூடத்திலேயே ஒன்று செய்துவிடலாம். கேமரா இல்லாத மாணவர்களுக்கும் வழி இருக்கிறது. ஐபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு, கம்பியுள்ள இயர்போனின் ஒலி கூட்டும் பட்டனை அழுத்தினால் படம் விழும். போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தொய்வாக விட்ட இயர்போன் கம்பியால் எடுங்கள். அதுவும் ஒரு கேபிள் ரிலீஸ்தான்.

விரல் போயிற்று, கண்ணாடி போயிற்று. பிறகு தரை. லக்ஷ்மிபாய் நகர் மாடியில் ட்ரைபாட்டை எங்கே நிறுத்துவது என்பதும் இயற்பியல் கேள்விதான். கான்கிரீட் தளம் சுவர்களின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சுவருக்கு நேர் மேலே அது விறைப்பு, அறையின் நடுவுக்கு மேலே நெகிழ்வு. நடுவில் நிறுத்தி, பக்கத்தில் யாராவது நடந்தால் தளம் துள்ளும். சுவர் வரிசையின் மேல் நிறுத்துவது நல்லது. மாடிக்கு வந்த எல்லாரும் எக்ஸ்போஷர் முடியும் வரை நின்ற இடத்தில் நிற்பது அதைவிட நல்லது. பகலில் தடை செய்யப்பட்ட கனரக லாரிகள் இரவில் ரிங் ரோட்டில் ஓடத் தொடங்கும். தரை ஆடுகிறதா என்று அறிய ஒரு சோதனை உண்டு: ட்ரைபாட்டின் பக்கத்தில் அகலத் தட்டு ஒன்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, அதில் தெருவிளக்கின் பிம்பத்தைப் பாருங்கள். பிம்பம் நடுங்கினால் தரை நடுங்குகிறது. நில அளவையாளர்களும் வானியலாளர்களும் முன்பு பாதரசத் தட்டில் விண்மீனின் பிம்பத்தைப் பார்த்துக் கோணம் அளந்தார்கள்; வண்டி ஒன்று கடந்தால் அளவை நிறுத்திக் காத்திருந்தார்கள். பெரிய தொலைநோக்கிகளைத் தாங்கும் தூண்களைக் கட்டடத் தரையோடு சேர்க்காமல் தனி அடித்தளத்தில் எழுப்புவதும் இதற்காகத்தான். பார்வையாளரின் காலடி தூணுக்குப் போகக் கூடாது.

ட்ரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். மூன்று காலின் உறுதியை ஒற்றைக் குழாயின் மேல் ஏற்றி வைப்பதுதான் அது. காற்றடித்தால் பையை நடுவில், தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிடுங்கள். அந்தரத்தில் விட்டால் பையே ஊஞ்சலாடும். லென்ஸின் அதிர்வுத் தடுப்பை ட்ரைபாட்டில் அணைத்துவிடுங்கள். பழைய வகைகள் இல்லாத ஆட்டத்தைத் தேடித் தாங்களே ஆடும்.

இத்தனையும் செய்த பிறகும் ஓர் ஆட்டம் மிஞ்சும். அதை எந்தக் கேபிளும் நிறுத்தாது: பூமியின் சுழற்சி. வானம் விநாடிக்கு 15 வில்விநாடி நகர்கிறது. 300 மி.மீ. லென்ஸில் ஒரு பிக்சல் சுமார் 4 வில்விநாடி என்பதால், ஒரே விநாடியில் நிலா மூன்றரை பிக்சல் நகர்ந்துவிடும். சாதாரண முழுநிலாவுக்கு இது பொருட்டல்ல. எஃப்/8, ஐஎஸ்ஓ 100, 1/200 விநாடி போதும்; நிலா பகல் வெயில் பட்ட பாறைதானே. முழுச் சந்திர கிரகணத்தின்போது கதை மாறுகிறது. நிலா பல ஆயிரம் மடங்கு மங்கும், சில கிரகணங்களில் பத்தாயிரம் மடங்குக்கும் மேல். எஃப்/5.6, ஐஎஸ்ஓ 1600 வைத்தாலும் ஒரு விநாடி அளவுக்குத் திறக்க வேண்டிவரும். கண்ணாடி அடிக்கும் ஆபத்து, விரலின் ஆபத்து, பூமியின் நகர்வு மூன்றும் கூடும் இடம் அதுதான். இதற்கு மேல் நேரத்தை நீட்டாமல் ஐஎஸ்ஓவைக் கூட்டுவதே வழி. அல்லது வானத்தோடு சேர்ந்து சுழலும் பீடம் வேண்டும்.

இந்த நகர்வையே படமாக்க நினைப்பவர்களும் உண்டு. துருவ விண்மீனைச் சுற்றி விண்மீன்கள் மணிக்கு 15 டிகிரி வில்லாக வரையும். அகலாங்கு அளவே துருவ விண்மீனின் உயரம்: தில்லியில் அடிவானத்துக்கு மேல் சுமார் 28.6 டிகிரி, சென்னையில் 13, கன்னியாகுமரியில் 8. வில்களை முழு வட்டங்களாகக் காண தில்லி கோணத்தால் நல்ல இடம். தெருவிளக்கும் தூசும் நிறைந்த வானத்தால் கெட்ட இடம். லடாக்கின் ஹான்லே இருள் வானக் காப்பகத்துக்குப் போகிறவர்கள் கேபிளை மறக்காமல் எடுத்துச் செல்லட்டும். அங்கே மணிக்கணக்கில் ஷட்டர் திறந்திருக்க வேண்டும்.

இப்போதைய சென்சார் அதிர்வுத் தடுப்பும், போன்களின் இரவு முறையும் கையடக்கப் படங்களில் பெரும் வேலை செய்கின்றன. போன் பல குறும்படங்களை எடுத்து, சுழற்சியுணரி சொல்லும் அசைவைக் கழித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குகிறது. அன்றாடப் படங்களுக்கு அது போதும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் அது ஆட்டம் நடந்த பிறகு செய்யும் திருத்தம்; ஒளி ஒரே தடவையாக, ஒரே இடத்தில் விழுந்த படத்தில் இருக்கும் நுணுக்கம் அடுக்கிச் சேர்த்த படத்தில் முழுதாக வருவதில்லை. ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று தேடித் தேடி ஒவ்வொன்றாக நிறுத்துவது வேறு வகைக் கல்வி. அளவியலும் வானியலும் வளர்ந்தது அந்த வழியில்தான். பள்ளி மாணவர் ஒருவருக்கு அதைக் கற்றுத்தர ஓர் அகலும் ஒரு கேபிளும் போதும் என்பதே இந்த அத்தியாயத்தை எழுதத் தூண்டியது.

2028 டிசம்பர் 31-ஆம் தேதி இரவு இந்தியா முழுவதும் தெரியக்கூடிய முழுச் சந்திர கிரகணம் வருகிறது. நிலா முழுதாக நிழலுக்குள் இருக்கும் நேரம் சுமார் 71 நிமிடம்; நடுப்பொழுது இரவு 10.22 மணி அளவில். தில்லியில் அது மூடுபனிக் காலம், தமிழ்நாட்டில் வானம் தெளிந்திருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு முன் வரும் ஏதாவது ஒரு பௌர்ணமியில், மாடியின் சுவர் ஓரத்தில் ட்ரைபாட்டை நிறுத்தி, ஒரே காட்சியை விரலால் சில படங்கள், டைமரால் சில, தொய்வாக விட்ட கேபிளால் சில என்று எடுத்து, மூன்றையும் பெரிதாக்கி அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்.